காந்த மெத்தையும் கண்கட்டு வியாபாரமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் முதலிய இடங்களில் சில காலமாக ஒரு புதுவித வைத்தியமும் ஒரு புதுவித வியாபாரமும் கைகோர்த்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்து வருகின்றன. வைத்தியத்தின் பேர் காந்த வைத்தியம். வியாபாரத்தின் பேர் சங்கிலி வியாபாரம். இதை மல்டி லெவல் மார்க்கெட்டிங் என்றும், எம்.எல்.எம். என்றும் சொல்லுகிறார்கள். அதில் சேர்ந்தவர்களோ இந்தப் பேர்களில் எதையும் சொல்லாமல் "ஒரு நல்ல வாய்ப்பு" என்று மாத்திரம் சொல்லுகிறார்கள்.

சரக்குகளோ பலவிதம். காந்த மெத்தை, காந்தத் தலையணை, காந்தக் காப்பு, காந்தப் பெல்ட்டு, செருப்புக்குள் வைக்கும் காந்த அட்டை, காந்தம் பொருத்திய தண்ணீர் பாட்டில் என்று பட்டியல் நீளுகிறது. இவற்றால் தீராத வியாதி இல்லையாம். முழங்கால் வலி, முதுகு வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை, பக்கவாதம் எல்லாம் போய்விடுமாம். விலை மாத்திரம் கொஞ்சம் அதிகம். ஒரு மெத்தை லட்ச ரூபாய்க்கு மேல்!

கடையில் வைத்து விற்றால் நாம் விலை கேட்போம், பேரம் பேசுவோம், வேண்டாமென்றால் திரும்பி வந்துவிடுவோம். இவை கடைக்கு வருவதில்லை. விற்க வருகிறவர் நம்முடைய மச்சானாகவோ, பெரியம்மா மகளாகவோ, இருபது வருஷம் ஒன்றாக வேலை செய்த தோழராகவோ இருக்கிறார். அவர் முகத்தை முறித்துக்கொள்ள மனம் வராமல் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலோர். இந்தக் கூச்சம்தான் இந்த வியாபாரத்தின் முதலே தவிர காந்தம் முதலல்ல.

நாம் வியாபாரத்துக்கு விரோதிகளல்ல. ஒருவன் நல்ல பஞ்சு மெத்தை தைத்து நாலு காசு லாபத்துக்கு விற்றால் அவனை நாம் போற்றுவோம். நமது நாட்டில் உழைத்துச் சம்பாதித்தவன் பணம் பொய்யான வைத்தியத்துக்கும், பொய்யான லாபத்துக்கும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் பறிபோவதைத்தான் கண்டிக்கிறோம்.

நாம் கண்ட கூட்டம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படிப்பட்ட ஒரு கூட்டம் நடந்தது. "சும்மா வந்து கேட்டுவிட்டுப் போங்கள்" என்று ஒரு உறவினர் நம்மையும் அழைத்துப் போனார். கம்பெனியின் பேரை நாம் இங்கு சொல்லப் போவதில்லை. ஒரு பேரைச் சொன்னால் அதே காரியம் மறு மாதம் வேறு பேரில் நடக்கும். நமக்குப் பேர் முக்கியமல்ல, முறைதான் முக்கியம்.

கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மெப்ஸ் தொழிற்சாலைகளில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்கள், தோல் பதனிடும் தொழிலில் முதுகு ஒடிந்தவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதான தாய் தகப்பன்மார். அதாவது உடம்பில் வலியும், கையில் கொஞ்சம் சேமிப்பும் உடையவர்கள். இந்த இரண்டும் ஒருசேர இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் வலை விரிக்கப்படுகிறது.

முதல் ஒரு மணி நேரம் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கோட்டு அணிந்த ஒருவர் தாம் முன்பு எவ்வளவு ஏழையாயிருந்தார், இப்போது எந்தக் காரில் போகிறார், எந்தத் தேசத்துக்குப் போய் வந்தார் என்று படம் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் காந்தம் வந்தது. ஒரு பெரியவரை மேடைக்கு அழைத்து, ஒற்றைக் காலில் நிற்கச் செய்து, கையை நீட்டச் சொல்லி அமுக்கினார். பெரியவர் தடுமாறினார். அவர் கையில் காந்தக் காப்பைப் போட்டு மறுபடி அமுக்கினார். பெரியவர் அசையவில்லை. மண்டபம் அதிர்ந்தது.

தோழர்களே! இதில் காந்தத்துக்கு என்ன வேலை? நீட்டிய கையை உடம்பைவிட்டு வெளிப்புறமாக இழுத்து அமுக்கினால் யாரும் சாய்வார்கள். அதே கையைத் தோளை நோக்கி உட்புறமாக அமுக்கினால் சாயமாட்டார்கள். முதல் தடவை ஒரு விதமாகவும், இரண்டாம் தடவை ஒரு விதமாகவும் அமுக்குவதுதான் வித்தை. போதாததற்கு இரண்டாம் தடவை நிற்கிறவர் முன்கூட்டியே எச்சரிக்கையாகி விடுகிறார். இதை உங்கள் வீட்டில் ஒரு தேங்காய் மூடியைக் கையில் கொடுத்துச் செய்து பார்த்தாலும் பலிக்கும். ரப்பர் வளையத்தில் பளபளப்புத் தகடு ஒட்டிய ஒரு காப்பை "பவர் பேலன்ஸ்" என்ற பேரால் உலகமெங்கும் இப்படித்தான் விற்றார்கள். அதில் காந்தமே கிடையாது. ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் நலத்தைக் கவனிக்கும் சர்க்கார் ஸ்தாபனம் நெருக்கிக் கேட்டபோது, தங்கள் சரக்குக்கு நம்பத்தகுந்த விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று அந்தக் கம்பெனியே 2010-ஆம் வருஷக் கடைசியில் ஒப்புக்கொண்டது.

நாம் எழுந்து ஒன்று கேட்டோம். "இரண்டு துணிப்பைகளைக் கொண்டு வருகிறோம். ஒன்றில் உங்கள் காப்பு, மற்றொன்றில் அதே எடையுள்ள ஒரு கல். எதில் எது என்று உங்களுக்கும் தெரியக்கூடாது, நிற்கிறவருக்கும் தெரியக்கூடாது. இருபது தடவை செய்து காட்டுங்கள். பதினெட்டுத் தடவை காப்பைச் சரியாகக் கண்டுபிடித்தால் இன்றே ஒரு மெத்தை வாங்குகிறோம்" என்றோம். பதில் என்ன தெரியுமா? "இப்படி நெகட்டிவ் எண்ணத்தோடு வந்தால் காந்தம் வேலை செய்யாது" என்பதுதான்!

இந்தப் பதிலை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? தாயத்து கட்டினவனைக் கேட்டோம், பலிக்கவில்லையென்றால் "உனக்கு நம்பிக்கை போதாது" என்றான். பரிகாரம் செய்த புரோகிதனைக் கேட்டோம், "சிரத்தை குறைவு" என்றான். இப்போது கோட்டுப் போட்டவனும் அதையே சொல்லுகிறான். இரும்பை இழுக்கிற காந்தம், இழுப்பதற்கு முன் இரும்பின் எண்ணத்தை விசாரிக்கிறதா?

ரத்தத்திலுள்ள இரும்பு

"ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கும், ஆகவே ரத்த ஓட்டம் சீர்ப்படும்" என்பதுதான் இவர்கள் ஓதும் மூல மந்திரம். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது. சிறிது யோசித்துப் பாருங்கள்.

ஒரு மனிதனின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பு சுமார் மூன்று நான்கு கிராம்தான். அதுவும் ஆணியைப் போலவோ அரத்தூளைப் போலவோ இல்லை. ஹீமோகுளோபின் என்ற பொருளில் அணு அணுவாகப் பிணைந்து கிடக்கிறது. அந்த நிலையில் காந்தம் அதை ஆணியை இழுப்பது போல் இழுக்காது. பிராணவாயு ஏறிய ரத்தம் காந்தத்திலிருந்து மிக மிகச் சிறிதளவு விலகத்தான் செய்கிறது.

இதற்குப் பெரிய புத்தகம் ஒன்றும் வேண்டாம். குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் ஒருவரைக் கேளுங்கள். அந்த யந்திரம் ஒரு பெரிய காந்தம். அதன் பலம் சாதாரணமாக 15,000 கௌஸ், சிலவற்றில் 30,000 கௌஸ். மெத்தைக்காரர்கள் தங்கள் சரக்கில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளுவதோ 800, 1,000 கௌஸ். அந்தச் சிறு காந்தம் ரத்தத்தை இழுக்கும் என்றால், எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் அரை மணி நேரம் படுத்தவன் ரத்தமெல்லாம் ஒரு பக்கமாகத் திரண்டு அங்கேயே செத்திருக்க வேண்டும். அல்லது சர்க்கரையும் முழங்கால் வலியும் தீர்ந்து ஓடி வந்திருக்க வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. போன வியாதியோடு திரும்பி வருகிறான்.

மேலும் காந்தத்தின் பலம் தூரம் போகப்போக வெகு வேகமாகக் குறைந்துவிடும். அந்த மெத்தையிலுள்ள காந்தத் துண்டு ஒன்றை எடுத்து, நான்கு விரற்கடை தூரத்தில் ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள். குண்டூசியையே அசைக்க முடியாத காந்தம், மெத்தையின் உறையையும் வேஷ்டியையும் தோலையும் தாண்டிப்போய் மூட்டுக்குள் என்ன செய்துவிடும்?

"ஆஸ்பத்திரியிலேயே காந்தத்தால் வைத்தியம் செய்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். மெய்தான். மூளை சம்பந்தமான சில நோய்களுக்கும், ஒட்டாத எலும்புக்கும் மின்காந்தத்தை உபயோகிக்கிறார்கள். அது விநாடிக்கு விநாடி மாறும் காந்தம். மாறுவதால் உடம்புக்குள் மின்சாரத்தை உண்டாக்குகிறது. மெத்தைக்குள் இருப்பதோ மாறாமல் கிடக்கிற காந்தம். பழைய சைக்கிள் டைனமோவைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தால் உள்ளே காந்தம் இருந்தும் விளக்கு எரியாது. இவர்கள் சாய்த்து வைத்த சைக்கிளைக் காட்டி விளக்குக்குக் காசு கேட்கிறார்கள்.

கண்ணைக் கட்டியபோது திறந்த கண்

இந்தப் புரட்டு புதியதுமல்ல. 1784-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் மெஸ்மர் என்ற வைத்தியர் "உயிர்க் காந்தம்" என்ற ஒன்றால் சகல வியாதிகளையும் தீர்ப்பதாகப் பெரும் பேர் எடுத்திருந்தார். அரசன் ஒரு விசாரணைக் கமிட்டி நியமித்தான். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன சாஸ்திரத்துக்குத் தகப்பன் என்னத்தக்க லவாய்சியரும் அதில் அங்கத்தினர்கள். அவர்கள் வாதம் செய்யவில்லை, ஒரு துணியை எடுத்து நோயாளிகளின் கண்ணைக் கட்டினார்கள். பிராங்க்ளின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மாத்திரம் மெஸ்மரின் சீடர் காந்தம் ஏற்றினார். கண்ணைக் கட்டிய ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை மரம் மரமாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். ஆனால் அது காந்தம் ஏற்றிய மரமே அல்ல! மூன்றாவது மரம் வரை அவன் அந்த மரத்துக்குத் தூரமாகத்தான் போய்க்கொண்டிருந்தான். மயக்கத்தை உண்டாக்கியது மரமல்ல, மனம் என்று கமிட்டி எழுதி வைத்தது.

பின்னர் 1796-இல் அமெரிக்காவில் பெர்க்கின்ஸ் என்பவர் இரண்டு உலோகக் குச்சிகளுக்குப் பேட்டண்ட் வாங்கி, அவற்றால் தடவினால் வலி போகும் என்று விற்றார். இங்கிலாந்தில் ஹேகார்த் என்ற டாக்டர் 1799-இல் அதே மாதிரி மரக் குச்சிகளுக்கு வர்ணம் பூசித் தடவினார். ஐந்து நோயாளிகளில் நான்கு பேர் குணம் கண்டதாகச் சொன்னார்கள். உலோகம் செய்த வேலையை மரம் செய்தது என்றால், வேலை செய்தது உலோகமா?

நம் காலத்திலும் இதைச் சோதித்தாகிவிட்டது. 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில், நாட்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு நிஜக் காந்தத்தையும் போலிக் காந்தத்தையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் வித்தியாசம் இல்லையென்று வெளியாயிற்று. 2007-இல் கனடா மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில், அதுவரை நடந்த இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, வலி தீர்க்க நிலைக்காந்தத்தைச் சிபாரிசு செய்ய ஆதாரமில்லை என்று எழுதினார்கள்.

"எனக்குக் குணமாயிற்றே" என்கிறவர்களை நாம் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. மூட்டு வலி ஏறும், இறங்கும். அது உச்சிக்குப் போன மாதத்தில்தான் மனிதன் மெத்தை வாங்குகிறான். அதற்கு மேல் ஏற இடமில்லாததால் தானே இறங்குகிறது. பேர் மெத்தைக்கு! அன்றியும் லட்ச ரூபாய் கொடுத்தவனுக்கு "ஒன்றும் குணமில்லை" என்று வாய் திறக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! பெண்சாதியின் நகையை அடகு வைத்து வாங்கியவன் அவள் முன்னால் நொண்டிக்கொண்டு நடப்பானா?

தாம்பரத்துக்காரர்கள் மறந்த பாடம்

மெத்தையைப் பற்றித் தாம்பரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய்க்காரர்களுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் வந்தது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு ஆகியவைதான் வைத்தியம். உலகமெங்கும் பெரிய பெரிய டாக்டர்கள் அதை நம்பினார்கள்.

பிறகு மருந்து வந்தது. அப்போது சென்னையில் என்ன செய்தார்கள்? நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவைச் சென்னை நகரத்தில் அவர்களுடைய ஏழை வீடுகளிலும் வைத்து, இரு பிரிவுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். நல்ல காற்றும், நல்ல படுக்கையும், நல்ல சாப்பாடும் அதிகமாக ஒன்றும் சாதிக்கவில்லை. உலகமே அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

இதுதான் விஞ்ஞானம்! ஐம்பது அறுபது வருஷம் நம்பிய படுக்கையை டாக்டர்கள் தாங்களே சோதனைக்கு வைத்து, தோற்றது என்று தெரிந்ததும் விட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சானடோரியத்துக் காற்று வீசுகிற ஊரில் நின்றுகொண்டு, சோதனை என்றால் ஓடுகிறவன் "விஞ்ஞான மெத்தை" விற்கிறான் என்றால், அதை வாங்குகிற நாம் என்ன சொல்லிக்கொள்ளுவது?

சங்கிலியின் கணக்கு

நிற்க. மெத்தை போகட்டும், லாபமாவது வருமா என்று பார்ப்போம். "நீ வாங்கி, ஆறு பேரைச் சேர். அந்த ஆறு பேரும் ஆறு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். நீ வீட்டில் படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்லுங்கள். ஆறு, முப்பத்தாறு, 216, 1,296, 7,776, 46,656, 2,79,936. எட்டாவது படியில் 16,79,616. 2021-இல் ஏற்படுத்தப்பட்ட தாம்பரம் மாநகராட்சி எல்லையில் 2011 ஜனக்கணக்குப்படி இருந்தவர்கள் சுமார் ஏழு லட்சம் பேர்தான். ஜனத்தொகை இன்று இரண்டு மடங்கு ஆகியிருந்தாலும், தொட்டில் குழந்தை முதல் ஆளுக்கொரு மெத்தை வாங்கினாலும் எட்டாவது படிக்கு ஆள் பற்றாது. பதின்மூன்றாவது படிக்கு 1,306 கோடிப் பேர் வேண்டும். இந்த உலகத்தில் அவ்வளவு பேர் இல்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. சங்கிலி எந்தப் படியில் அறுந்தாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆகவே அவர்கள் நஷ்டப்படுவது சோம்பலாலுமல்ல, சாமர்த்தியக் குறைவாலுமல்ல, பெருக்கல் வாய்ப்பாட்டால்! ஐந்து பேர் நஷ்டப்பட்டால்தான் ஒருவனுக்குக் கார் என்பதே இந்த ஏற்பாடு. ஆனால் நஷ்டப்பட்டவனிடம் "நீ உழைக்கவில்லை" என்கிறார்கள். கஷ்டப்படுகிறவனிடம் "உன் பூர்வ ஜன்மப் பாவம்" என்று சொன்னவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

காந்தமும் சங்கிலியும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். "ஜப்பான் லைப்" என்ற கம்பெனி காந்தம் வைத்துத் தைத்த உடுப்புகளையும் பெல்ட்டுகளையும் பத்து லட்சம் யென் முதல் விற்றது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். "சரக்கை நீங்கள் கொண்டு போக வேண்டாம், நாங்களே வாடகைக்கு விட்டு வருஷத்துக்கு ஆறு சதவிகிதம் தருகிறோம்" என்றது. புதிதாக வந்தவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்கு வாடகை என்று கொடுத்துவந்தது. 2015-இல் அந்நாட்டுப் பிரதம மந்திரியின் செர்ரிப் பூ விருந்துக்குக் கம்பெனியின் தலைவருக்கு வந்த அழைப்பைக்கூட அச்சடித்துக் காட்டி ஆள் பிடித்தார்கள். 2016, 2017 வருஷங்களில் சர்க்கார் திரும்பத் திரும்பத் தடை உத்தரவு போட்டது. 2018-இல் சுமார் 24,000 கோடி யென் கடனோடு கம்பெனி திவாலாயிற்று. ஆயிரக்கணக்கான கிழவர் கிழவிகளின் ஆயுட்காலச் சேமிப்பு போயிற்று. 2022-இல் டோக்கியோ கோர்ட்டு அந்தத் தலைவருக்கு எட்டு வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. படிப்பிலும் விஞ்ஞானத்திலும் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய நாட்டின் கதி இது.

நம் நாட்டிலும் காந்தத் தட்டும் மூலிகையும் சங்கிலி முறையில் விற்றதாக 2013-இல் மும்பைப் போலீசார் கியூநெட் என்ற கம்பெனியின்மீது வழக்குப் போட்டார்கள். கம்பெனி குற்றத்தை மறுத்து கோர்ட்டுக்குப் போயிற்று. கோயம்புத்தூரில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொல்லி ஆள் சேர்த்த ஒரு கம்பெனியின்மீது வழக்கு வந்தபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். எதற்கு? பணத்தைத் திருப்பிக் கேட்க அல்ல, கம்பெனிக்கு ஆதரவாக! பணம் போட்டவனே கம்பெனிக்குக் காவல்காரனாக நிற்கிறான். கம்பெனி நின்றால் தன் பணம் வராது என்ற பயம் அவனை அப்படி நிறுத்துகிறது.

ஏமாந்தவனே பூசாரி

கோவிலில் பூசாரி ஒருவன், ஏமாறுகிறவர்கள் பலர். அந்தப் பலரும் ஒரு நாள் விழித்துக்கொள்ளக் கூடும். இந்தப் புது மதத்திலோ ஏமாறுகிறவனையெல்லாம் உடனே பூசாரியாக்கி விடுகிறார்கள். தான் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் தன் தம்பியை ஏமாற்ற வேண்டும். தம்பி தன் மாமனாரை ஏமாற்ற வேண்டும். மாமனார் தன் சிநேகிதரை ஏமாற்ற வேண்டும். ஆகவே விழித்துக்கொண்டவனும் வெளியே சொல்லுவதில்லை. சொன்னால் மறு நாள் காலையில் தம்பி வாசற்படியில் வந்து நிற்பான். இந்த மௌனம்தான் நமக்கு மெத்தையைவிடப் பெரிய கவலை.

வெட்கத்தோடு ஒன்று சொல்லுகிறோம். தாயத்தை அறுத்தெறிந்த நம் இயக்கத் தோழர்கள் சிலர் கையிலேயே காந்தக் காப்பைப் பார்த்தோம். கேட்டால் "இது விஞ்ஞானம்தானே தோழரே" என்கிறார்கள். தோழர்களே! பகுத்தறிவு என்பது பழைய பொய்யை விட்டுப் புதிய பொய்யைப் பிடிப்பதல்ல. சமஸ்கிருதத்தில் சொன்னால் நம்பக்கூடாது, இங்கிலீஷில் சொன்னால் நம்பலாம் என்பதுமல்ல. யார் சொன்னாலும், எந்தப் பாஷையில் சொன்னாலும் "சோதித்துக் காட்டு" என்று கேட்பதுதான் பகுத்தறிவு. அந்தக் கேள்வியை மறந்த கையில் தாயத்து இருந்தாலென்ன, காந்தம் இருந்தாலென்ன?

"நம்பிக்கையாவது இருக்கட்டுமே, கெடுதல் என்ன?" என்று சில நல்ல மனசுக்காரர்கள் கேட்கிறார்கள். கெடுதல் இருக்கிறது. மெத்தையை நம்பிச் சர்க்கரை மாத்திரையையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தினவனுக்குக் கண்ணும் சிறுநீரகமும் மூளையும் கெடும். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவனுக்கு அருகில் வைத்த காந்தம் அந்தக் கருவியின் ஒழுங்கையே மாற்றக் கூடும். "ஐ.எஸ்.ஓ. முத்திரை இருக்கிறதே" என்கிறார்கள். அது தொழிற்சாலை நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு முத்திரையே தவிர, வியாதி தீரும் என்பதற்கு முத்திரையல்ல.

செய்ய வேண்டியது

சட்டம் இல்லாமலில்லை. 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வாதம், பக்கவாதம், புற்றுநோய் முதலிய வியாதிகளைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. உடம்பின் இயக்கத்தை மாற்றுவதாகச் சொல்லும் எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தில் மருந்துதான். தாயத்தும் மந்திரமும் கவசமும் அதே சட்டத்தில் அடங்கியிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1978-ஆம் வருஷத்துப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் நடத்துகிறவனை மாத்திரமல்ல, அப்படிப்பட்ட திட்டத்தில் சேருகிறவனையும் குற்றவாளியாக்குகிறது. 2021-ஆம் வருஷத்து நேரடி விற்பனை விதிகள் நேராகச் சரக்கு விற்பதை அனுமதித்தாலும் இப்படி ஆள்மேல் ஆள் சேர்க்கும் ஏற்பாட்டை வெளிப்படையாகத் தடுக்கின்றன. சேருவதற்குக் கட்டணம் கேட்பதும் கூடாது.

ஆகவே உங்களிடம் யாராவது வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சரக்கால் வியாதி தீரும் என்று உங்கள் கம்பெனி கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்குமா? போலிக் காந்தத்தோடு வைத்துச் சோதித்த முடிவு எங்கே? வருகிற பணம் சரக்கு விற்ற லாபமா, ஆள் சேர்த்த கூலியா? சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை நாளில் முழுப் பணம் வரும் என்று ரசீதில் எழுதியிருக்கிறதா? இந்த நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால், வந்தவர் மச்சானாக இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உறவும் கெடாது, பணமும் போகாது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் ரசீதையும், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, நீங்கள் சேர்த்துவிட்டவர்களிடம் நீங்களே போய் "நான் ஏமாந்தேன், உன்னையும் ஏமாற்றிவிட்டேன், இதோடு நிறுத்து" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கமாயிருக்கும். ஆனால் ஏமாந்ததில் வெட்கமில்லை. நாமெல்லோரும் எத்தனையோ தலைமுறையாக ஏமாந்தவர்களின் பிள்ளைகள்தான். ஏமாந்தது தெரிந்த பின்னும் அடுத்தவனை ஏமாற்றுவதில்தான் வெட்கம் இருக்கிறது. ஒருவர் வாய் திறந்தால் அந்த இடத்தில் சங்கிலி அறும்.

கடைசியாக, காந்த வியாபாரிகளை நாம் பகிரங்கமாக அழைக்கிறோம். தாம்பரத்தில் இடமும் நாளும் நீங்களே குறியுங்கள். இருபது தலையணைகளை நாம் தைத்து வருகிறோம். பத்தில் உங்கள் காந்தம், பத்தில் கல். எது எதென்று எழுதிய தாள் உறையில் மூடி நடுவர் கையில் இருக்கட்டும். உங்கள் மெத்தையால் குணமான இருபது பேரை நீங்களே அழைத்து வாருங்கள். அவர்கள் ஆளுக்கு ஒன்றில் ஒரு வாரம் படுத்துவிட்டு, உள்ளே இருப்பது காந்தமா கல்லா என்று குணத்தைக் கொண்டு சொல்லட்டும். ஜெயித்தால் இதே பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறோம். உங்கள் வியாபாரம் கண்கட்டு வியாபாரமல்ல என்றால், ஒரே ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாட வாருங்கள் பார்ப்போம்.